முப்பது சொட்டு

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஹென்றி மாடிப்படியின் கீழே நின்று செருப்புகளை எண்ணினான். அன்னமேரி அக்கா வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வழக்கமாக வருவது பத்துப் பேர். மழை பெய்தால் ஆறு. சூசை அண்ணன் பிரசங்கம் வைக்கப்போகிறார் என்ற சேதி முன்கூட்டியே கசிந்துவிட்டால் நாலு. இன்றைக்குக் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் முப்பத்தொரு ஜோடி கிடந்தன. மசாலாக் கடைக்காரர் தன் மல்லி மூட்டையை உள்ளே இழுத்து இடம் விட்டிருந்தார். ஹென்றியின் சட்டைப்பையில் காது மருந்துக் குப்பியிலிருந்து எடுத்துக் கழுவிய சொட்டுக்குழாய் ஒன்று இருந்தது. மனசுக்குள் ஒரே ஒரு எண் இருந்தது: முப்பது. முப்பது சொட்டுக்கு மேலே ஒன்றுகூடப் போகக்கூடாது. முப்பத்தொரு ஜோடி செருப்பையும் முப்பது சொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்கிற புத்தி அவனுக்கு அந்த நேரம் வரவில்லை. ஊரே தன் கைவேலையைப் பார்க்க வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குழாயடியில் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு மேலே ஏறினான்.

அன்னமேரி அக்கா குடியிருந்தது குயின் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில், அந்த மசாலாக் கடையின் மாடியில். ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். முன் ஜன்னலைத் திறந்தால் மல்லி வாசம் வரும், பின் ஜன்னலைத் திறந்தால் வெந்தயம். இருந்த மூன்று அறையில் ஒன்றை ஹென்றிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அது அவருடைய மகன் சவரிராஜின் அறை. சாவியைக் கையில் கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அவன் வந்துட்டா அன்னிக்கே நீ காலி பண்ணிறணும் தம்பி. ஒரு மாச நோட்டீஸ்லாம் குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்." ஹென்றி சரி என்றான். அது ஐந்து வருஷத்துக்கு முந்தி. இன்றுவரை அவன் தன் பெட்டியை முழுசாகப் பிரித்து அடுக்கியது இல்லை.

சவரிராஜ் எழுபத்தெட்டாம் வருஷத்தில் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலைக்கு ஒப்புக்கொண்டு, ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து கடலுக்குப் போனவன். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் போட்டான். கராச்சியிலிருந்து ஒன்று. மொம்பாசாவிலிருந்து யானைப் படம் போட்ட அட்டை ஒன்று. யானையோடு சரி. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில், மேற்படி ஊழியர் துறைமுகத்தில் இறங்கினார், மீண்டும் ஏறவில்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. இறங்கினார், ஏறவில்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு தாய் அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள் என்றால் அக்கா எழுதித் தர மாட்டார். வெளியூரில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில் சேர்க்கலாம் என்று போனால், எந்த ஊர் என்று கேட்டு, பெயர் எழுதுகிற பிள்ளை பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆக, கோயிலின் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரே ஞானஸ்நானம் பெற்ற ஆள் என்ற பெருமை சவரிராஜுக்கு இருந்தது.

அவன் கைப்பட வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு ஜெபமாலை. ரப்பர் கொட்டை ஜெபமாலை. பத்து வயதில், பள்ளி விடுமுறைக்கு புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனவன், ஆணியை அடுப்பில் சுடவைத்து ரப்பர் கொட்டைகளில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பில் கோத்துக் கொண்டுவந்தது. முறையான ஜெபமாலைக்கு ஐம்பத்தொன்பது மணி வேண்டும். சவரிராஜ் பத்தோடு நிறுத்திவிட்டான். விரலைச் சுட்டுக்கொண்டான் என்பது அக்கா தரப்பு. சோம்பேறி என்பது பெரியம்மா தரப்பு. எப்படியோ, அந்தப் பத்தையே ஐந்து தரம் சுற்றிச் சுற்றி, எட்டு வருஷமாக அக்கா தினம் ஒரு முழு ஜெபமாலை சொல்லிவந்தார். விரல் பட்டுப் பட்டுக் கொட்டைகள் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னும். இந்த வருஷம் பெந்தெகோஸ்தே திருநாளுக்கு அப்புறம் ஒருநாள், ஜெபம் முடிந்து பார்த்தால் மடியில் வெள்ளையாக மாவு. வண்டு துளைத்திருந்தது. இரண்டு கொட்டையில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. அக்கா மாவை ஊதித் தள்ளாமல் கைக்குட்டையில் சேர்த்து மடித்து வைத்தார். அன்றைக்கு ரவிக்கை ஒன்றும் தைக்கவில்லை.

இதைப் பார்த்துத்தான் ஹென்றி வாயைத் திறந்தான்.

அவன் வேலை பார்த்தது ஃபெரி ஏறிப் போகும் அக்கரையில், மாக் மண்டினில், ஃபைபர் பட்டறை ஒன்றில். தண்ணீர்த் தொட்டி, சின்னப் படகு, கடைக்காரர்கள் கேட்டால் ஐஸ் பெட்டி. தேன் மாதிரி இருக்கும் ரெசினில் ஹார்டனர் என்ற தண்ணி மாதிரியான சாமானைக் கொஞ்சம் கலந்தால் அது இறுகிக் கல்லாகிவிடும். யாரும் நெருப்பு மூட்ட வேண்டியதில்லை. அது தானாகவே சூடாகி, தானாகவே கெட்டியாகும். ஹென்றி மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். இரண்டு சாமான் சேர்ந்தால் எங்கிருந்து சூடு வருகிறது என்று அவனுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டியதில்லை. உள்ளே அடைந்து கிடக்கிறது, சேர்ந்ததும் வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று அவன் புரிந்துவைத்திருந்தான். மேஸ்திரி ஷேக் அலாவுதீன் சொன்ன பாடமும் சின்னதுதான்: "மெலிசாப் பூசினா சாது. மொத்தமாச் சேத்து வெச்சா சூடு வெளிய போக வழியில்லாம தன்னையே பொசுக்கிக்கும். ஊத்திட்டா ஊத்தினதுதான் ஹென்றி, அப்பறம் அல்லாவே வந்தாலும் பிரிக்க முடியாது." ஒருமுறை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன அவசரத்தில் யாரோ கலக்கி வைத்த மிச்சத்தை வாளியிலேயே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாளிக்கு அடிப்பாகம் இல்லை, பட்டறை முழுக்கப் புகை. அன்றிலிருந்து மிச்சத்தைத் தரையில் தோசை மாதிரி பரப்பிவிட வேண்டும் என்பது சட்டம்.

தெளிந்த ரெசினில் மிச்சம் கிடைத்தபோது ஹென்றி ஒரு பொன்வண்டை உள்ளே வைத்து, கண்ணாடிக் கட்டி மாதிரி ஒன்று செய்து அக்காவிடம் கொடுத்திருந்தான். தையல் மெஷின்மேல் காகிதம் பறக்காமல் இருக்க அது உதவியது. "இந்த வண்டு உள்ள போன மாரி, மாலையயும் உள்ள வெச்சிரலாம்க்கா. நூறு வருசத்துக்கு எந்த வண்டும் தொடாது" என்றான் ஹென்றி. அக்கா வண்டையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெரல் படாதே தம்பி அப்பறம்."

"படாதுதான். ஆனா போகாது."

அக்கா மூன்று நாள் யோசித்து ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. மாலை ஃபெரி ஏறக்கூடாது. இந்த வீட்டிலிருந்து ஃபெரி ஏறிப் போனது ஒன்று திரும்பி வரவில்லை, அதனால் இன்னொன்றை அனுப்புவதாக இல்லை. பட்டறையில் வைத்துச் செய்தால்தான் சரியாக வரும் என்று சொல்ல ஹென்றிக்கு வாய் வந்தது. ஆனால் அக்கா அப்படிப் பார்க்கும்போது யாருக்கும் வாய் வராது. தெளிந்த ரெசின் ஒரு டின்னும், ஒரு சின்னக் குப்பி ஹார்டனரும் வாங்கி, துணிப்பையில் போட்டு இக்கரைக்குக் கொண்டுவந்தான்.

வியாழக்கிழமை அடித்தளம் போட்டான். அக்காவின் தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில், விரல் கனத்தில் பாதி. எட்டுச் சொட்டு எண்ணி விட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் சுற்றி ஊற்றினான். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடி லேசாக வெதுவெதுத்தது, பிள்ளைக்கு இளங்காய்ச்சல் அடித்த மாதிரி. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஆறிவிட்டது. பளிங்கு. கீழே வைத்திருந்த காலண்டர் தாளில் தேதியைப் படிக்க முடிந்தது. அக்கா விளக்கடியில் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஹென்றியைப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் அந்த மாதிரி ஒரு பார்வையை அக்கா அவன்மேல் செலவழித்ததில்லை. மாலைக்கு மட்டும்தான் அது உண்டு. "நல்லாத்தான் செஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு, சோற்றோடு பொரித்த மீன் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தார். அன்றைக்கு ராத்திரி ஹென்றி தன் பெட்டியிலிருந்து இரண்டு சட்டையை எடுத்து அலமாரியில் மாட்டினான்.

இந்தச் சனிக்கிழமை இரண்டாவது ஊற்று. மாலையைப் பளிங்கின்மேல் வட்டமாக வைத்து, மேலே ரெசினை ஊற்றி மூட வேண்டும். அதையும் இரண்டு நாளாகப் பிரித்து, பாதி பாதியாக ஊற்றுவதாகத்தான் ஹென்றியின் திட்டம். ஒவ்வொன்றுக்கும் முப்பது சொட்டு.

மாடியில் உட்கார இடம் இல்லை. தையல் மெஷினை மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். நடுவில் மேசை, மேசையில் வெள்ளை விரிப்பு, விரிப்பில் கிண்ணம், கிண்ணத்தில் மாலை, இரண்டு பக்கமும் மெழுகுதிரி. ரெசின் எளிதில் பற்றிக்கொள்ளும் என்று ஹென்றி திரிகளை அணைத்தான். அவன் திரும்பி டின்னை எடுப்பதற்குள் யாரோ பயபக்தியோடு மறுபடி ஏற்றினார்கள். மூன்றாம் தடவை அவன் திரிகளையே எடுத்துத் தன் அறையில் ஒளித்துவைத்தான். சூசை அண்ணன் தொண்டையைக் கனைத்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வரிசைப்படுத்தாமல் அவரால் மூச்சுவிட முடியாது. முதலில் திருப்பாடல், பிறகு மன்றாட்டு, பிறகு வேலை, பிறகு காப்பி என்று அறிவித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஹென்றி ஒரு மங்கில், பழைய எனாமல் கோப்பையில், அளந்து ரெசினை ஊற்றி, ஹார்டனர் குப்பியைத் திறந்து, சொட்டுக்குழாயை உள்ளே விட்டான்.

"இரு தம்பி" என்றார் சூசை அண்ணன். "நீயே போட்டா எப்படி? எல்லார் கையும் படணும்லா."

ஹென்றிக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஜெபக்கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு டோடோல் என்ற இனிப்பைக் கிண்டும்போது, வந்தவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு சுற்று கரண்டி பிடிக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் டோடோல் இறுகாது என்பது நம்பிக்கை. எழுபத்தொன்பதில் ஒருமுறை இறுகாமல் போனதையும், அன்றைக்கு யார் வரவில்லை என்பதையும் இன்றுவரை பேர் சொல்லிப் பேசுவார்கள். இறுக வேண்டிய ஒரு சாமானை நடுவீட்டில் வைத்துவிட்டு, கை வைக்காதே என்று அவர்களிடம் சொல்வது, பந்தியில் இலை போட்டுவிட்டு எழுந்து போ என்பது மாதிரி.

"அண்ணே, இது டோடோல் இல்லண்ணே. அளவு இருக்கு. முப்பது சொட்டுதான்."

"சரியாப் போச்சு, முப்பது பேரு. ஆளுக்கு ஒண்ணு" என்றார் சூசை அண்ணன். கணக்கு தனக்குச் சாதகமாக வந்தால் அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும்.

ஹென்றியும் ஒரு கணம் அதை நம்பினான். குழாயை அவர் கையில் கொடுத்தான். சூசை அண்ணன் மங்கின்மேல் குனிந்து, "பிதா" என்று ஒரு சொட்டு விட்டார். "சுதன்" என்று ஒன்று. "பரிசுத்த ஆவி" என்று ஒன்று. பிறகு குழாயை அடுத்தவரிடம் கொடுத்தார். பிதாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு கத்தோலிக்கக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? ஹென்றி யோசித்து முடிப்பதற்குள் நாலு பேர் முடித்துவிட்டார்கள். ஐந்தாவது அம்மாள், ஈப்போவில் இருக்கும் மகளுக்காக இன்னொரு மூன்று விட்டார். அதைப் பார்த்ததும் வெளியூரில் பிள்ளை வைத்திருந்த எல்லாருக்கும் பிள்ளை நினைப்பு வந்துவிட்டது. சிங்கப்பூர், கிள்ளான், லண்டனில் நர்ஸ் படிக்கிற ஒன்று. கேட்டராக்ட் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவருக்கு அவர் மைத்துனர் விட்டார். அமலம்மாள் என்று எண்பது தாண்டிய அம்மாள் ஒருவர், பழைய முறைப்படி "இஸ்பிரீத்து சாந்து" என்று சொல்லி, நடுங்கும் கையால் குழாயின் ரப்பர் தலையை ஒரே அழுத்தாக அழுத்தினார். அவர் கைக்குச் சொட்டு என்ற அளவே கிடையாது. "விழுந்துச்சா தம்பி?" என்று கேட்டார். "விழுந்துச்சு பாட்டி" என்றான் ஹென்றி. பக்கத்து மாடி நூர் பீவி, வேடிக்கை பார்க்க வந்து வாசற்படியில் நின்றவர், "நானும் போடலாமா?" என்று கேட்டு, பிஸ்மில்லா சொல்லி ஒன்றே ஒன்று விட்டார். சொன்ன பேச்சு கேட்டது அந்த ஒரு ஆள்தான்.

கடைசியாக அன்னமேரி அக்கா. அவர் வெகுநேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனக்கு மூன்று. பிறகு சவரிராஜுக்கு மூன்று. ஊர் கேட்டு அங்கே யாரும் பேனாவைத் தூக்கவில்லை.

நூற்று நாற்பதோடு ஹென்றி எண்ணுவதை விட்டிருந்தான். அமலம்மாளை எத்தனையாக எடுத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. குச்சியை உள்ளே விட்டுச் சுற்றினான். மங்கின் வெளிப்புறம் இப்போதே வெதுவெதுவென்று இருந்தது.

"அண்ணே" என்றான் மெதுவாக. "கூடிப்போச்சு. ரொம்ப. இதக் கொட்டிட்டு வேற கலக்கணும்."

சூசை அண்ணன் அவனைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்: "பிதா சுதன் பேரால போட்டத எந்த சாக்கடையில கொட்டுவ, சொல்லு."

அந்தச் சந்தில் இருந்தது ஒரே சாக்கடை. அதில் மசாலாக் கடையின் கழிவுத் தண்ணீர் போகும், பெருச்சாளியும் போகும். முப்பது பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார், வியாழக்கிழமைப் பார்வையில் கொஞ்சம் மிச்சத்தோடு. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியவில்லை, என்னால் முடியாது, மாலையை எடுத்து உள்ளே வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. அவன் சொல்லவில்லை. அதற்குப் பதில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. குழம்பில் உப்புக் கூடினால் தண்ணீர் விடுவதில்லையா? ரெசினைக் கூட்டினால் ஹார்டனர் தன்னால் குறைந்துபோகும். கணக்கு ஒரு பிசகும் இல்லாத கணக்கு. டின்னில் இருந்தது முழுவதையும் மங்கில் கவிழ்த்து, வேகவேகமாகக் கலக்கி, நாளைக்கு ஊற்ற வேண்டியதையும் சேர்த்துக் கிண்ணம் நிறைய ஊற்றினான். மாலை முழுகியது. பத்துக் கொட்டையும் பளிங்குக்குள் பெரிதாகி, வரிவரியாக, அவ்வளவு அழகாகத் தெரிந்தன. கூட்டத்திலிருந்து ஒரு 'ஆ' எழுந்தது. கடைசித் துளி விழுந்தபோதுதான் மேஸ்திரியின் வாளி அவனுக்கு ஞாபகம் வந்தது. மொத்தமாகச் சேர்த்து வைத்தால்.

மாலையை எடுத்துவிடலாம் என்று குச்சியை விட்டான். குச்சி நின்றது. விட்டுப் பார்த்தான், அது சாயாமல் அப்படியே நின்றது. ஜெல்லி. குச்சியை இழுத்தால் அதோடு மாலையும் அறுந்து வரும்.

"முழங்கால்ல நிப்போம்" என்றார் சூசை அண்ணன். எல்லாரும் முழங்காலிட்டார்கள். எங்கே போவது என்று தெரியாமல் ஹென்றியும் முழங்காலிட்டான். கிட்டத்தில் இருந்தவர்கள் கை நீட்டிக் கிண்ணத்தைத் தொட்டபடி ஜெபம் சொன்னார்கள். இரண்டாவது ஜெபத்தில் ஒரு அம்மாள் நிறுத்திவிட்டார்.

"சூடா இருக்கு."

இன்னொரு கை தொட்டது. "ஆமாலா. சூடு ஏறுது."

"அடுப்பு இல்ல, ஒண்ணும் இல்ல" என்றது பின்வரிசை. சூசை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ விசும்பினார்கள். அமலம்மாள் தன் இரண்டு கையையும் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஹென்றி வாயைத் திறந்தான். அது அப்படித்தான், எப்பவும் சூடாகும், பட்டறையில் தினம் பத்துத் தொட்டிக்குச் சூடாகிறது, அதற்கு யாரும் ஜெபம் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்த நேரம் அன்னமேரி அக்கா தன் உள்ளங்கையைக் கிண்ணத்தின்மேல் பரத்தி வைத்தார்.

"அவன் கை மாரி இருக்கு தம்பி" என்றார் ஹென்றியிடம். ரகசியம் சொல்கிற மாதிரி. "காய்ச்சல்ல படுத்தா இப்படித்தான் சுடும் அவன் கை. உசுரோட இருக்கான். பாத்தியா, உசுரோட இருக்கான்."

ஹென்றி வாயை மூடிக்கொண்டான். கிண்ணத்துக்குள் இருந்த சூடு எங்கிருந்து வருகிறது என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தச் சூட்டுக்கு யாரும் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு சாமான் சேர்ந்தால் போதும். எட்டு வருஷமாக யாரும் கொடுக்காத பதிலை அது அக்காவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் அந்தப் பதில் அவர் கையைச் சுடும்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "எடுத்துருங்கக்கா" என்றான். "இருக்கட்டும்" என்றார். "சுடும்க்கா." "சுடட்டும்." அவர் முகம் சிரித்துக்கொண்டேதான் இருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர். கடைசியில் ஹென்றி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. உள்ளங்கை செக்கச்சிவந்து பளபளத்தது. அவர் அவனை அப்போது பார்த்த பார்வை, வியாழக்கிழமைப் பார்வையில் சேர்த்தி இல்லை.

பிறகு எல்லாம் தன் போக்கில் நடந்தது. பளிங்கு முதலில் தேநீர் நிறத்துக்கு வந்தது. விரிப்பில் கிண்ணத்தின் அடியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. மூக்கை அறுக்கிற ஒரு வாசம் எழுந்து, முதல்முறையாக அந்த மாடியில் மல்லியையும் வெந்தயத்தையும் தோற்கடித்தது. உள்ளே ஒரு கோடு மின்னல் மாதிரி ஓடியது. பக்கத்திலேயே இன்னொன்று. மெல்லிசாகப் புகை வந்தபோது பின்வரிசை எழுந்து ஜன்னல் பக்கம் ஒதுங்கியது. ஹென்றி ஈரத்துணியை எடுத்து ஓடிவந்தான். குளிர்ந்த துணி பட்டால் கிண்ணம் வெடித்துக் கண்ணாடி மூஞ்சியில் அடிக்கும் என்று தோன்றி நின்றுவிட்டான். துணி கையில் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் இருந்தால் தரையில் கொட்டியிருப்பான். இங்கே செய்ய ஒன்றும் இல்லை. அது அதன் சூட்டை முழுக்கச் செலவழித்து முடிக்கிற வரைக்கும் யார் சொல்லியும் கேட்காது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. டப்.

கொட்டை வெடிக்கிற சத்தம். வெயில் ஏறிய நாளில் ரப்பர் மரத்தடியில் கேட்குமே, அதேதான். ஆனால் கெட்டியான சாமானுக்குள்ளே அடைபட்டு, பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. சூசை அண்ணன் நிற்காமல் ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது சத்தத்தில் அவர் குரல் ஒரு கணம் தடுக்கி, பிறகு சமாளித்தது. ஐந்தாவதுக்குப் பிறகு, காப்பி பிரிவு ரத்து என்று அறிவிக்காமலே கூட்டம் படி இறங்கத் தொடங்கியது. போகிறவர்கள் அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். "ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்" என்றார் சூசை அண்ணன். நோக்கம் என்ன என்று சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டார். நூர் பீவி தன் வீட்டுக்கு ஓடி, தீக்காயத்துக்கு என்று ஒரு டப்பி மருந்து கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். கீழே முப்பத்தொரு ஜோடிச் செருப்பு தேடப்படுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் மசாலாக் கடைக்காரர் மூட்டையை வெளியே இழுத்தார்.

ஆறு மணி வெயில் முன் ஜன்னல் வழியாகச் சாய்ந்து மேசைவரை வந்திருந்தது. கிண்ணம் பழுப்பேறி, உள்ளே வெடிப்பு வெடிப்பாக, உடைந்த பனிக்கட்டி மாதிரி ஒளியைத் திருப்பி அடித்தது. மாலை தெரியவில்லை. அன்னமேரி அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஹென்றி ஓடும் மின்விசிறியைக் கிண்ணத்தின் பக்கம் திருப்பினான்.

"அத அடை" என்றார் அக்கா.

அடைத்தான்.

"ஏழு கேட்டுச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஹென்றிக்கு உதவியாக இருந்திருக்கும். "மீதி மூணு?"

"தெரியலக்கா. உள்ள பாக்க முடியல."

"ஒடையாம இருக்குமா?"

"இருக்கலாம்." பொய் சொல்லவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு தொடர்ந்தான். "சீக்கிரம் ஆறிடுச்சுன்னா இருக்கும்க்கா. இன்னும் உள்ள சூடுதான். ஆறினா அப்பறம் வெடிக்காது."

"ஆறினா சூடு போயிரும்."

"போயிரும்."

"மறுபடி வராது?"

ஹென்றிக்கு மேஸ்திரியின் குரல் கேட்டது: ஊத்திட்டா ஊத்தினதுதான். அதைச் சொல்லாமல், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று பார்த்தால் வரிசை நீண்டுகொண்டே போனது. முதலில் எதைக் கேட்பது என்று தெரியாமல், மருந்து டப்பியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினான். அவர் அதைத் தொடவில்லை.

அக்கா தையல் மெஷின்மேல் கிடந்த ரவிக்கை அளவு அட்டையை எடுத்தார். கிண்ணத்துக்கு நேராகப் பிடித்து ஒரு தரம் விசிறினார். வெடிப்புகளுக்கு இடையிலிருந்து மெல்லிய வாசம் ஒன்று எழுந்து ஹென்றியின் பக்கம் வந்தது. இரண்டாம் தரம் விசிற ஓங்கிய கை பாதியில் நின்றது. மறு கையை, அந்தச் சிவந்த கையை, கிண்ணத்தின்மேல் ஒரு விரல்கடை உயரத்தில், தொடாமல் பிடித்துப் பார்த்தார். சூடு இருந்தது. அட்டை அந்தரத்தில் அப்படியே இருந்தது. கை கிண்ணத்தின்மேல் அப்படியே இருந்தது. ஹென்றி மூச்சை அடக்கிக்கொண்டு, எட்டாவது சத்தம் கேட்கிறதா என்று நின்றான்.